அறுந்த பட்டம் அளவெட்டியில் விழும்



2024 டிசம்பர் மாதக் கடைசியில் ஒருநாள், இஷாத் தொழுகை முடிந்து வீடு வந்த நேரம், கற்பிட்டியிலிருந்து என் தங்கை தொலைபேசியில் பேசினாள்.

"நானா, நீங்க மௌலவி. 'ஹராம்' எண்டு ஒரு சொல்லு அவனிட்டச் சொல்லிப்போடுங்கோ. நீங்க சொன்னா அவன் கேப்பான்."

'அவன்' என்றது அவளுடைய ஒரே மகனை. வயது பத்தொன்பது. கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டவர்கள் பெரிய பட்டம் கட்டிக் கடலில் சறுக்கிப் பழகும் இடமொன்றில் வேலை செய்கிறான். இரண்டு வருடத்தில் தானும் நன்றாகப் பழகிவிட்டான். இப்போது அலைக்கடலில் ஓடுவதற்கென்று தனியாக ஒரு பலகை வாங்கப் போகிறானாம். அதை எடுத்துக்கொண்டு ஜனவரியில் யாழ்ப்பாணத்து வடகடலுக்குப் போகப் போகிறானாம்.

தங்கையின் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவள் கேட்ட அந்த ஒரு சொல்லை நான் எப்படிச் சொல்வேன்? தடை இருப்பதற்கு ஆதாரம் இல்லாத காரியம் அடிப்படையில் ஆகுமானது என்றுதானே எங்கள் உஸ்தாதுமார் கற்றுத் தந்தார்கள்? நமக்குப் பயமாக இருப்பதையெல்லாம் ஹராமாக்க நமக்கு என்ன அதிகாரம்? அதே நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டு உயிரை ஆபத்தில் போடுவதையும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. ஆக, 'கூடாது' என்று சொல்வதற்கும் 'போ' என்று சொல்வதற்கும் முன்னால் அது என்னவென்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நான் முதலில பாக்கிறன். நீயும் வா. மூன்று பேருமாப் போவம்" என்றேன். "எங்கே?" என்றாள். "அளவெட்டிக்கு" என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

பட்டமும் பலகையும்

பயணத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் நாளைக்கு ஒரு பிள்ளை வந்து கேட்கலாம் அல்லவா?

கைட் போர்டிங் என்று அதற்குப் பெயர். இடுப்பில் ஒரு அகலமான பட்டி. அதில் கொளுவிய கைத்தடி. தடியிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளமான நாலு ஐந்து நூல்கள். நூல்களின் முடிவில் பிறை வடிவத்தில் ஒரு பெரிய துணிப் பட்டம். அதன் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் இருப்பதால் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், திரும்பவும் ஏற்றலாம். இப்படிப்பட்ட காற்றடைத்த பட்டத்துக்கு 1984-ல் உரிமம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் பிரான்ஸ் நாட்டு லெகெய்ன்யூ சகோதரர்கள். கடைகளில் விற்பனைக்கு வர 1990-களின் பிற்பகுதி ஆகிவிட்டது. 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. மார்செய் கடலில் நடந்த அந்தப் போட்டியில் பெண்கள் பிரிவில் தங்கம் பெற்றவர் எல்லி ஆல்ட்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பெண்.

காலுக்குக் கீழே பலகை. அதில்தான் எங்கள் வீட்டு வழக்கே இருந்தது. என் மருமகன் களப்பில் ஓடுவது இருமுனைப் பலகை. இரண்டு தலைப்பும் ஒரே மாதிரி இருக்கும். ஏறக்குறைய 140 சென்ரிமீட்டர் நீளம். காலை நுழைக்கப் பட்டிகள். அதற்கு முன் பின் கிடையாது. வலப்பக்கம் போய், நின்று, அப்படியே இடப்பக்கம் வரலாம். திரும்பத் தேவையில்லை. கற்பிட்டிக் களப்பைப் போன்ற தட்டையான தண்ணீருக்கு அதுவே போதும்.

அலையில் ஏறி ஓட விரும்புகிறவர்களுக்கு வேறு பலகை. அதற்குக் கூரான மூக்கு உண்டு, வால் உண்டு. வாலடியில் மீன் செட்டையைப் போல மூன்று அல்லது நாலு செட்டைகள் உண்டு. டைரக்‌ஷனல் என்கிறார்கள். அதாவது ஒரே முகமாகத்தான் அது போகும். போய்விட்டுக் கரைக்கு வரவேண்டுமானால் பலகையையே திருப்ப வேண்டும். பலகை திரும்பும்போது கால்களையும் மாற்றி வைக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கலப்பினம் இருக்கிறது. ஹைபிரிட் என்பது அதுதான். மூக்கும் வாலும் உண்டு. ஆனால் மூக்கு மழுங்கல், பலகை அகலம், நீளம் ஐந்தடியை ஒட்டித்தான். வாலில் பெரிய செட்டைகள். சிலவற்றில் மூக்குப் பக்கமும் சிறிய செட்டைகள் இருக்கும். அவசரத்துக்குப் பின்பக்கமாகவும் ஓடலாம்.

ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டவர் ஒருவர் இரண்டு பலகைகளை விலைக்கு வைத்திருந்தார். ஒன்று ஆறடி நீளமான, ஒடுங்கிய, அழகான அலைப்பலகை. மற்றது ஐந்தடி இரண்டங்குலக் கலப்புப் பலகை. பார்ப்பதற்குச் சோற்றுக் கரண்டியைப் போல இருந்தது. மருமகனின் மனம் அழகானதின் மேல். "இரண்டையும் கொண்டுபோய் ஓடிப் பாத்திட்டு ஒண்டை வாங்கு" என்று அந்த மனிதர் நம்பிக்கையோடு கொடுத்துவிட்டார்.

தங்கையின் பயத்துக்கும் காரணம் இருந்தது. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பலர் சேர்ந்து பெரிய பட்டமொன்றை ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஒருவரைப் பட்டம் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கீழே விழுந்தும் அவர் உயிர் தப்பினார். அந்தப் படம் உலகமெல்லாம் ஓடியது. தங்கை அதைப் பார்த்தவள். பட்டம் என்றால் அவளுக்கு அந்தக் காட்சிதான்.

ஏன் அளவெட்டி?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வாப்பா தையற்காரர். அளவெட்டியில் ஒரு பாடசாலை ஆசிரியர் அவரிடம்தான் காற்சட்டை தைப்பார். பழகப் பழகச் சிநேகிதராகிவிட்டார்கள். தை மாதம் பிறந்தால் வாப்பா எங்கள் இருவரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அளவெட்டிக்குப் போவார். அந்த மாஸ்ரர் பட்டம் கட்டுவதில் மன்னர். கொக்குப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பிராந்துப் பட்டம் என்று விதம் விதமாகக் கட்டுவார். மூங்கில் சீவுவதையும், பட்டத்தின் நெஞ்சில் நூல் கோத்து முச்சை கட்டுவதையும் எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். பட்டத்தைத் தலைக்குமேல் பிடித்து நின்று, சரியான காற்று வரும்போது விடுகிற வேலை தங்கைக்கு. அப்போது அவளுக்கு ஏழு வயது. எனக்குப் பத்து.

அந்த வருடம்தான் 1990. ஒக்டோபர் 30-ம் திகதி விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளம் மாவட்டத்தில் அகதி முகாம். பிறகு கற்பிட்டி. அறுந்து போய் விழுந்த இடமே எங்களுக்கு ஊரானது. தங்கை அதற்குப் பிறகு அளவெட்டிப் பக்கம் போனதே இல்லை.

2025 ஜனவரி நடுப்பகுதியில், தைப்பொங்கல் முடிந்த கையோடு வான் ஒன்றில் புறப்பட்டோம். கூரையில் இரண்டு பலகைகள். புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் மல்லாகம் வரை போய் மேற்கே திரும்பினால் அளவெட்டி.

கடற்கரையில்லாத ஊர் அது. செம்மண் தோட்டங்கள், நெல்வயல், பனை, ஆழமான கிணறுகள். நாதஸ்வரக் கலைஞர் என்.கே. பத்மநாதனாலும், கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியாலும் பெயர் பெற்ற ஊர். தெருவில் இறங்கியதுமே மேலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டது. மருமகன் திகைத்துப்போய் அண்ணாந்து பார்த்தான். "அது விண் கூவுது" என்று தங்கை தன்னை அறியாமல் சொன்னாள். பட்டத்தின் தலையில் வில்லைப்போல ஒரு நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் அது அதிர்ந்து கூவும். இரவெல்லாம் பட்டத்தை மரத்தில் கட்டி விட்டுவிட்டுத் தூங்குவார்கள். விண் கூவிக்கொண்டே இருக்கும்.

மாஸ்ரருக்கு எண்பதை நெருங்கும் வயது. வாசலில் நின்றார். "வாங்கோ தம்பி, வாங்கோ. பிள்ளை, நீயா? பட்டம் பிடிச்சு விடுற பிள்ளையல்லோ நீ?" என்றார். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்கள் தொண்ணூறில ஒக்டோபர் முப்பது போனீங்கள். நாங்கள் தொண்ணூற்றைஞ்சில அதே ஒக்டோபர் முப்பது இந்த ஊரை விட்டு ஓடினம்" என்றார். 1995-ல் இராணுவம் முன்னேறியபோது வலிகாமம் முழுவதுமே இரவோடிரவாகக் காலியானது. அந்தப் பேச்சை அவர் அத்தோடு நிறுத்திவிட்டார். நாங்களும் நீட்டவில்லை. தொழுவதற்கு ஓர் அறையைக் கூட்டிப் புதுப்பாய் விரித்து வைத்திருந்தார்கள். மரக்கறிச் சாப்பாடு, பனங்கட்டியோடு தேநீர். அல்ஹம்துலில்லாஹ்!

மாஸ்ரர் கேட்ட கேள்வி

சாப்பாடு முடிந்ததும் பலகைகள் இரண்டையும் முற்றத்தில் வைத்தோம். மாஸ்ரர் அவற்றைத் தடவிப் பார்த்தார். பலகையை விட்டுவிட்டு முதலில் பட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

"தம்பி, இந்தப் பட்டம் அறுந்தால் எங்கே போகும்?"

மருமகனுக்கு விளங்கவில்லை. மாஸ்ரரே சொன்னார். "எங்களிட்ட நாலு காத்து. வடக்கிருந்து வாடை, கிழக்கிருந்து கொண்டல், தெற்கிருந்து சோளகம், மேற்கிருந்து கச்சான். இப்ப கொண்டலும் வாடையும் கலந்து வீசுது. எங்கட கடல் வடக்கில. கீரிமலைப் பக்கம் ஏத்திற பட்டம் இப்ப அறுந்தால் எங்கட வயலிலதான் வந்து விழும். சின்னப் பிள்ளையில நாங்கள் அப்பிடி எத்தினை பட்டம் பொறுக்கியிருக்கிறம்! ஆனால் ஆடி மாசம் சோளகத்தில அதே கரையில அறுந்தால் அது கடலுக்குப் போகும். பிறகு ஆர் பிடிக்கிறது? பட்டத்தோட ஆள் போனாலும் அப்பிடித்தான்."

சகோதரிகளே! கற்பிட்டியிலும் பயிற்சியாளர்கள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தானாம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் ஒருபோதும் இறங்கக்கூடாது. நேராகக் கரையை நோக்கி வீசினால் பட்டம் ஆளைத் தரையில் அடித்துவிடும். பக்கவாட்டாகவோ, பக்கவாட்டாகச் சற்றுக் கரையை நோக்கியோ வீசும் காற்றே நல்லது. யாழ்ப்பாணத்து வடகரைக்கு அந்தக் காற்று மாரியில்தான். கற்பிட்டியில் மே முதல் அக்டோபர் வரை ஓடிப் பழகிய பிள்ளை அதே மாதங்களில் அதே துணிச்சலோடு இங்கே இறங்கினால் என்ன ஆகும்? வெளிநாட்டில் படித்த பாடத்தை மாஸ்ரர் தம் முற்றத்தில் இருந்தே சொல்லிவிட்டார்.

எந்தப் பலகை?

அதற்குப் பிறகுதான் பலகைப் பேச்சு. மருமகன் சொன்னதைக் கேட்டும், மறுநாள் என் கண்ணால் பார்த்தும் நான் அறிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, பலகையைக் கடலுக்குத் தக்கபடி பார்க்க வேண்டும். அறுகம்குடாவில் தூரத்துப் பெருங்கடலில் பிறந்த அலை ஒழுங்காக, நீண்ட இடைவெளி விட்டு வருகிறது. அதற்கு ஒடுங்கிய, மூக்கு நன்றாக மேல்நோக்கி வளைந்த பலகை ஏற்றது. பாக்கு நீரிணையோ ஆழமில்லாத ஒடுக்கமான கடல். அங்கே வருவது பெரும்பாலும் அந்தந்த நேரத்துக் காற்று எழுப்பும் அலை. குட்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிட இடமில்லாமல் வரும். அதற்கு அகலமான, வளைவு குறைந்த கலப்புப் பலகைதான் வசதி. காற்று சற்றுக் குறைந்தாலும் அது தண்ணீரில் அமிழாமல் மேலெழுந்து ஓடும்.

இரண்டாவது, ஆளின் நிறை. பாரமானவருக்கு நீளமும் கனபரிமாணமும் கூடிய பலகை வேண்டும். இவன் 62 கிலோ. ஆறடிப் பலகை இவனுக்கு அவசியமே இல்லை.

மூன்றாவது, திறமை. கால்களைத் தடுமாறாமல் மாற்றத் தெரியாதவனுக்கு முழு அலைப்பலகை வேதனைதான். முன்செட்டை உள்ள கலப்புப் பலகையில் கால் மாற்றாமலே திரும்பி வந்துவிடலாம்; பிறகு ஆறுதலாகக் கால் மாற்றப் பழகலாம்.

நாலாவது, பழைய பலகையானால் சோதனை. குதிகால் படும் இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று உள்ளே போனால் உள்நுரை சிதைந்துவிட்டது. செட்டை பூட்டும் இடத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பலகை இருக்கவேண்டியதை விடப் பாரமாக இருக்கும். அழகான ஆறடிப் பலகையில் மாஸ்ரரின் விரல் ஓரிடத்தில் அமிழ்ந்தது. "பாக்க வடிவாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். மருமகனின் முகம் சற்று வாடியது.

இன்னொன்று. தவறி விழும்போது பலகை தூரம் போய்விடாமல் அதைக் காலோடு கயிறு போட்டுக் கட்டுவது நல்லதுதானே என்று நான் கேட்டேன். "அதுதான் மாமா மோசம்" என்றான். பட்டம் ஆளை இழுக்கும். பலகை தண்ணீரில் பிந்தி நிற்கும். கயிறு முறுகி, பலகை பாய்ந்து வந்து தலையில் அடிக்கும். ஆகவே பலகையை விட்டுவிட வேண்டும். பட்டத்தின் இழுவையிலேயே உடம்பைத் தண்ணீரில் சாய்த்து நீந்தி, காற்றுக்கு எதிராக வளைந்து வந்து பலகையை எடுக்க வேண்டும். இதைப் பழகாத பிள்ளை அலைக்கடலுக்குள் இறங்கவே கூடாது.

சேந்தாங்குளத்தில்

அளவெட்டியிலிருந்து வடக்கே கடல் ஒரு நாலைந்து கிலோமீட்டர்தான். இளவாலைப் பக்கத்துச் சேந்தாங்குளம் கரைக்குப் போனோம். முதல்நாள் மழைக்காற்று விட்டு விட்டு அடித்தது. கரையில் வலை காயவைத்துக் கொண்டிருந்த மீனவர் ஒருவர், "இண்டைக்கு வேண்டாம் தம்பி, காத்து ஒரு நிலையில இல்லை" என்றார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இழுவை நாலு மடங்காகும். பதினைந்து நொட் காற்றில் சுகமாக இழுக்கும் பட்டம், முப்பது நொட் அடித்தால் ஆளைத் தூக்கி எறியும். மருமகன் பட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த நம்பிக்கை அதற்கு முன் இருந்ததில்லை.

மறுநாள் அஸருக்கு முன் காற்று சீராக நின்றது. எங்கே கல் கிடக்கிறது, எங்கே வலை போட்டிருக்கிறது என்று அந்த மீனவரே கைகாட்டிச் சொன்னார். ஒன்பது சதுர மீட்டர்ப் பட்டத்துக்குக் காற்றடித்தாயிற்று. தலைக்கவசம், மிதவைச் சட்டை, சிக்கிய நூலை அறுக்க ஒரு சிறு கத்தி. எல்லாம் சரி. ஆனால் பட்டத்தைப் பிடித்து விட ஓர் ஆள் வேண்டுமே! கற்பிட்டியில் அதற்கு ஆட்கள் உண்டு. இங்கே?

நான் முன்னே போனேன். "விடுங்கோ நானா, உங்களுக்கு அது வராது" என்றாள் தங்கை.

அபாயாவின் கையை மடித்துவிட்டுப் பட்டத்தின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள். மருமகன் இருபத்து நாலு மீட்டர் தூரத்தில் நின்று, விடுமாறு பெருவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் விடவில்லை. திரும்பவும் காட்டினான். விடவில்லை.

"முதலில அந்தப் பூட்டைக் கழட்டிக் காட்டு!" என்று காற்றை மீறிச் சத்தமிட்டாள்.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த கருவி அதுதான். நெஞ்சுக்கு நேரே ஒரு பிடி இருக்கிறது. அதைத் தள்ளினால் நூல்களெல்லாம் தளர்ந்து, பட்டத்தின் இழுவை போய்விடும். அப்போதும் தொல்லை என்றால் இன்னொரு பூட்டு. அதைக் கழற்றினால் பட்டமே போய்விடும். 2021-ல் கயிற்றில் தொங்கிய அந்த இளைஞருக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. முந்திய இரவு அளவெட்டியில் மருமகன் இதை அவளுக்கு விளக்கியிருந்தான். விளக்கம் அவளுக்குப் போதவில்லை. கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அவன் தள்ளிக் காட்டினான். தடி நழுவியது, நூல் தளர்ந்தது. திரும்பவும் பூட்டினான். அதற்குப் பிறகுதான் 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லி அவள் கையை விட்டாள். பட்டம் சீறிக்கொண்டு ஏறியது.

முதலில் அவன் எடுத்தது ஆறடிப் பலகையைத்தான். ஆசை விடுமா? வடகிழக்குக் காற்றில், வலது காலை முன்வைத்து வடமேற்காக அலைகளைக் கடந்து போனான். நுரைத்து வரும் அலையைக் குறுக்காக வாங்காமல் நேராக எதிர்கொண்டு, முன்காலை இலேசாக்கி மூக்கைத் தூக்கிக் கடந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. திரும்பும் இடத்தில்தான் வினை. பட்டத்தைத் திருப்பி, பலகையைத் திருப்பி, இடது காலை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. விழுந்தான். எழுந்து திரும்பவும் விழுந்தான். மூன்றாம் முறை பலகை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தங்கை என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு நோவெடுத்தது.

ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, காற்று அவனைக் கரைக்குத்தான் கொண்டுவந்தது. பலகையையும் கொண்டுவந்தது. மாஸ்ரர் சொன்னது எவ்வளவு உண்மை! தூரத்தில் மணலில் ஏறி, பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான்.

பிறகு அந்தச் சோற்றுக் கரண்டியை எடுத்தான். அதே போக்குத்தான். திரும்பும் இடத்தில் கால் மாற்றவில்லை. சற்று நின்று, பலகை பின்பக்கமாக ஓட, இரண்டு அலைகளுக்கு நடுவே அமைதியான இடம் பார்த்துப் பிறகு திருப்பினான். அப்புறம் ஓர் அலையின் தோளில் ஏறிக் கரையை நோக்கி வந்தான். பட்டத்தை முதலில் திருப்பினான். அது தன் வழியைப் பிடித்த பிறகு பலகையை வளைத்தான். அலை தள்ளுகிறபோது பட்டத்தின் இழுவை அதிகம் தேவையில்லை. தடியைத் தளர்த்தி, பட்டம் காற்றோடு மிதந்து வர விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அலையும் போய்விடும், சமநிலையும் போய்விடும்.

"முச்சை சரியெண்டால் இழுக்கத் தேவையில்லை" என்று மாஸ்ரர் முணுமுணுத்தார். அவர் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கண்டது: அவன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தான். பலகையின் ஓரத்தைத் தண்ணீரில் அழுத்தி, காற்றுக்குச் சற்று எதிராக ஏறி வரத் தெரிந்தால்தான் அது முடியும். போவது பெரிய வித்தை அல்ல. காற்று யாரையும் கொண்டுபோகும். திரும்பி வரத் தெரிந்தவன்தான் பழகினவன்.

தங்கையின் தீர்ப்பு

அஸர் நேரம் நெருங்கியதும் பட்டத்தை இறக்கினோம். தங்கையே ஓடிப்போய்ப் பிடித்தாள். மகனிடம் சொன்னாள்: "அந்தக் கட்டைப் பலகையை வாங்கு. ஆனா மூண்டு சொல்லு. காத்து கரைக்கு வாற நாளிலதான் போகோணும். தனியப் போகக் கூடாது. அந்தந்தக் கடலில வலை போடுற ஆளிட்டக் கேட்டுத்தான் இறங்கோணும்."

நான் சொல்லவேண்டிய ஃபத்வாவை அவளே சொல்லிவிட்டாள்! ஒட்டகத்தைக் கட்டிய பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது? பயம் என்பது கயிற்றைக் கட்டிப் பார்க்கச் சொல்லும் அளவுக்கு இருந்தால் அது நன்மை. கயிற்றைத் தொடவே விடாத அளவுக்கு இருந்தால், பிள்ளை நமக்குத் தெரியாமல் கடலுக்குப் போவான்; அப்போது பட்டத்தைப் பிடித்து விடக்கூட நாம் அங்கே இருக்க மாட்டோம்.

ஆகவே சகோதரிகளே! உங்கள் பிள்ளை வந்து பலகையோ, மோட்டார் சைக்கிளோ, தூரதேசத்து வேலையோ எது கேட்டாலும், 'கூடாது' என்பதை முதல் சொல்லாக வைக்காதீர்கள். மாஸ்ரர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: அறுந்தால் எங்கே போகும்? அதற்கு அவனிடம் பதில் இருந்தால் மற்றதைப் பேசலாம். பதில் இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

அன்று மாலை அளவெட்டிக்குத் திரும்பும் வழியில், வயலோரப் பனையொன்றில் ஒரு கொக்குப் பட்டம் சிக்கிக் கிடந்தது. வடக்கே எங்கேயோ அறுந்து வந்தது. மருமகன் ஏறி எடுத்துக் கொடுத்தான். ஒரு செட்டை கிழிந்திருந்தது. முச்சை அப்படியே இருந்தது. தங்கை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இரவு மாஸ்ரரின் வீட்டுத் திண்ணையில் கிழிந்த இடத்தில் தாள் ஒட்டினாள். காலையில் பயணம் புறப்படும்போது அதை எடுத்துவரவில்லை. "இது இங்கத்தைப் பட்டம். இங்கேயே இருக்கட்டும் மாஸ்ரர்" என்று சுவரில் மாட்டிவிட்டாள்.

"வாற தைக்கு வந்து நீதான் ஏத்தோணும் பிள்ளை" என்றார் அவர்.

"இன்ஷா அல்லாஹ்" என்றாள் தங்கை.